வேலியோரத்துப் பட்டிப்பூ

தெல்லிப்பழையில் எந்த ஒழுங்கையால் நடந்து சென்றாலும், ஏதாவதொரு வளவின் படலையருகே ஒரு சிறு பூஞ்செடி நம் கண்ணிற்படும். முழங்கால் அளவு உயரம்; பளபளப்பான பச்சை இலை; இலையின் நடுவே வெளிறிய ஒரு நரம்பு; ஐந்து இதழ் விரித்த பூ. அப்பூ இளஞ்சிவப்பாக இருக்கும். அன்றேல் வெண்மையாக இருக்கும். சிலவற்றில் வெள்ளை இதழின் நடுவே குங்குமப் பொட்டு வைத்தாற்போல ஒரு சிவந்த புள்ளியும் காணப்படும். சித்திரை வெயிலில் மல்லிகை வாடும், செவ்வந்தி கருகும். இச்செடியோ பூத்த முகத்தோடு நிற்கும். "இதை நட்டவர் யார்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "அது தானாய் முளைத்தது" என்பர். "தண்ணீர் வார்ப்பதுண்டா?" என்று கேட்டால் சிரிப்பர். பட்டிப்பூவுக்குத் தண்ணீர் வார்ப்பவரும் உளரோ என்பது அச்சிரிப்பின் பொருள்.

நட்டவரும் நீர் வார்த்தவரும் இல்லாத இந்தப் பூவுக்கு ஒரு வரலாறு உண்டு. அது கடல் கடந்த வரலாறு. ஊரைச் சுற்றி வந்து, முடிவில் தெல்லிப்பழைக்கே திரும்பிய வரலாறு. அதனைச் சுருங்கச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தார் இதனைப் பட்டிப்பூ என்பர். தமிழகத்தார் நித்தியகல்யாணி என்பர். எந்நாளும் பூத்து மங்கலமாய் நிற்பதனால் அப்பெயர் பொருந்தும். ஆனால் அதே தமிழகத்திற் சில ஊர்களில் இதற்குச் சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் வழங்குகின்றது. சிங்கள மக்கள் இதனை மினிமல் என்பர்; பிணத்துக்குரிய மலர் என்பது அதன் பொருள். ஒரே பூவுக்கு ஒரு வாயில் கல்யாணப் பெயர், மற்றொரு வாயில் மயானப் பெயர்! பராமரிப்பாரற்ற புதைகுழி மேட்டிலும் இது தழைத்து நிற்பதை நம் முன்னோர் கண்டனர். அதனால் இப்பெயர் வந்தது போலும். வாழ்வையும் சாவையும் குறிக்கும் இவ்விரு பெயரும் பொருத்தமானவை என்பதைப் பின்னர்க் காண்போம்.

பழந்தமிழ் நூல்களில் இப்பூவைத் தேடுவார்க்கு ஏமாற்றமே மிஞ்சும். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிக் கூறினார் என்பதை அனைவரும் அறிவர். அவற்றுள் இதற்கு இடமில்லை; இருக்கவும் இயலாது. ஏனெனில் இச்செடியின் தாயகம் ஆபிரிக்காவுக்குக் கிழக்கே இந்து சமுத்திரத்திலுள்ள மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து இதன் விதைகள் பிரான்சு தேசத்துக்குச் சென்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பாரிசிலிருந்து பெற்ற விதைகளை இலண்டன் மாநகரின் செல்சி மூலிகைத் தோட்டத்திலே பிலிப் மில்லர் என்ற தோட்டக் கலைஞர் வளர்த்தார். 1759 ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ் அதற்கு வின்கா றோசியா என்று பெயரிட்டார். பிற்காலத் தாவர நூலார் அப்பெயரை மாற்றிக் கதராந்தஸ் என்ற இனத்துள் அதனைச் சேர்த்தனர். மாசற்ற மலர் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஆயினும் வின்கா என்ற பழைய பெயர் மறையவில்லை. அது மருந்துகளின் பெயரிலே தங்கிவிட்டது.

ஐரோப்பியரின் கப்பல்கள் சென்ற வழியெல்லாம் இச்செடியும் சென்றது. அழகுக்காகத் தோட்டத்தில் வைத்தனர். அது தோட்டத்தின் எல்லையைத் தாண்டி வெளியே முளைத்தது. மேற்கிந்தியத் தீவுகள், பிலிப்பைன்ஸ், தென்னாபிரிக்கா, இந்தியா, இலங்கை என வெப்ப நாடுகள் பலவற்றிலும் அது ஊர்ச்செடியாகிவிட்டது. யாழ்ப்பாணத்தவர்க்கு இது புதுமையான செய்தியன்று. நம் செம்மண்ணிற் செழித்த மிளகாயும் புகையிலையும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை அல்லவோ? தெல்லிப்பழையோ வந்தவற்றுக்கு இடங்கொடுத்துப் பழகிய ஊர். 1816 ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் முதன்முதலாகக் காலூன்றியதும் இவ்வூரிலேதான். அன்று அவர்கள் தொடங்கிய கல்விப்பணியின் வழிவந்ததே இன்றைய யூனியன் கல்லூரி. ஒரு தலைமுறை பேணினால் பிறநாட்டுப் பொருளும் நம்முடையதாகிவிடும். பல தலைமுறை கண்டால், அது என்றும் நம்முடையதாகவே இருந்ததென எண்ணத் தொடங்கிவிடுவோம். பட்டிப்பூவுக்கும் நேர்ந்தது இதுவே.

இந்த மண் அதற்குப் பொருந்திய காரணம் யாது? யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பேராறு கிடையாது. சுண்ணாம்புக் கற்படையின்மீது செம்மண் படிந்த நிலம் இது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மூன்று மாதங்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். அந்நீர் மண்ணூடே இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலே தங்கும். கீழே கிடக்கும் உவர்நீரின்மீது நன்னீர் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கும். அதுவே நம் கிணற்றுநீர். துலா மிதித்து இறைத்த காலத்தில் அளவோடு எடுத்தோம். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அளவிழந்தோம். மிகையாக இறைத்தால் நன்னீர் குறைந்து உவர் மேலேறும். ஆதலால் குடாநாட்டில் வீட்டுத் தோட்டம் என்பது நீர்க்கணக்கோடு கூடிய காரியம். அக்கணக்கிலே பட்டிப்பூ கேட்பது மிகச் சொற்பம். ஆழச் செல்லும் ஆணிவேரும் மெழுகுப் பூச்சுடைய இலையும் அதற்குண்டு. வெள்ளம் தேங்கினால் வேரழுகும். ஆனால் நீர் வடியும் செம்மண்ணும் மணலும் அதற்கு ஏற்றவை. அதன் கசப்பினால் ஆடும் மாடும் அதனைத் தீண்டா. இவ்வளவு காவல் பெற்ற செடிக்கு வேலியும் வேண்டியதில்லை.

அந்தக் கசப்பிலேதான் கதையின் திருப்பம் இருக்கின்றது.

பட்டிப்பூவின் இலையைக் கஷாயமாக்கி நீரிழிவுக்குக் குடிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. நம் நாட்டிலும் தமிழகத்திலும் இருந்தது. இன்சுலின் கிடையாத இடத்தில் அதற்குப் பதிலாக இதனைக் குடித்தனர் என்ற செய்தி ஜமேக்காவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் மேல்நாட்டு ஆராய்ச்சியாளரின் காதுக்கு எட்டியது. 1952 ஆம் ஆண்டில், கனடா தேசத்துத் ரொறன்ரோ நகரில் வைத்தியராயிருந்த கிளார்க் நோபிள் என்பவருக்கு ஜமேக்காவிலிருந்து ஒரு கடிதவுறை வந்தது. அதனுள் இருந்தவை இருபத்தைந்து உலர்ந்த இலைகள். அவர் அவற்றைத் தம் சகோதரரான றொபேட் நோபிளிடம் ஒப்படைத்தார். றொபேட் நோபிள், ஒன்ராறியோ மாகாணத்து மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்.

றொபேட் நோபிள் இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தார். குருதியிலுள்ள சீனி குறையவில்லை. தாம் தேடிய பொருள் அங்கே இல்லை என்று பிறரொருவராயின் அன்றே இலைகளை எறிந்திருப்பர். அவர் எறியவில்லை, சாற்றை ஊசிமூலம் ஏற்றிப் பார்த்தார். எலிகள் சில நாட்களிலே நோய்க்கிருமி தொற்றி மாண்டன. ஏன் மாண்டன? கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் அவற்றின் உடலில் அருகிப் போயிருந்தன. அக்கலங்களை உண்டாக்கும் என்பு மச்சையும் ஒடுங்கிப் போயிருந்தது. நீரிழிவுக்கு மருந்து தேடியவர் கண்ட தோல்வி, வேறொரு கேள்வியை எழுப்பியது: வெண்குருதிக் கலங்களைக் குறைக்கும் பொருளொன்று இவ்விலையில் உண்டெனின், அக்கலங்கள் அளவிறந்து பெருகும் இரத்தப் புற்றுநோயை அது அடக்காதோ?

1954 ஆம் ஆண்டில் சாள்ஸ் பியர் என்ற இரசாயன அறிஞர் அவரோடு இணைந்தார். அவ்விருவரும் உடனுழைத்தோரும் இலையிலிருந்து ஓர் அல்கலோயிட்டைப் பிரித்தெடுத்தனர். அதுவே வின்பிளாஸ்ரின். 1958 ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே தம் முடிவை வெளியிட்டனர். தாம் கண்டது தற்செயலானதே என்பதை அவர்கள் மறைக்கவில்லை. தற்செயலாகக் கண்டவற்றின் பங்கு என்பதையே தம் கட்டுரைத் தலைப்பில் வைத்தனர். அதே காலத்தில் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரிலுள்ள எலி லில்லி என்ற மருந்துக் கம்பனியில் கோர்டன் சுவபோடா, ஏர்விங் ஜோன்சன் முதலியோர் தனியே இச்செடியை ஆராய்ந்தனர். இரத்தப் புற்றுநோய் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகள் இதன் சாற்றால் நெடுநாள் உயிர்வாழ்வதை அவர்கள் கண்டனர். அவர்கள் பிரித்தெடுத்த மற்றொரு மருந்து வின்கிறிஸ்ரின். அமெரிக்காவில் வின்பிளாஸ்ரின் 1961 ஆம் ஆண்டிலும் வின்கிறிஸ்ரின் 1963 ஆம் ஆண்டிலும் பாவனைக்கு அனுமதிக்கப்பட்டன.

இம்மருந்து செய்வது யாது? நம் உடலின் கலம் ஒன்று இரண்டாகப் பிரியும்போது, நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுத்துச் செல்ல மிக நுண்ணிய இழைகள் தோன்றும். பட்டிப்பூவின் நஞ்சு அவ்விழைகள் உருவாகாமற் தடுத்துவிடும். பிரிய இயலாத கலம் மடியும். புற்றுநோய்க் கலங்கள் ஓயாது பிரிவன. ஆதலால் அவையே பெரிதும் அடிபடும். ஆட்டையும் மாட்டையும் விலக்கிச் செடி தன்னைக் காத்துக்கொண்ட அதே கசப்பு, மனிதனின் கையில் அளந்து கொடுக்கும் மருந்தாயிற்று.

அதன் பயன் சிறிதன்று. 1950களில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில மாதங்களுக்குள் இறந்துவிடும் என்பதே வைத்தியர் பெற்றோருக்குக் கூறக்கூடிய செய்தியாக இருந்தது. வின்கிறிஸ்ரினை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும் முறை வளர்ந்தபின், வசதி படைத்த நாடுகளில் அந்நோய் கண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேர் பிழைக்கின்றனர். ஹொட்கின் நோய் முதலான நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும் இவை உதவுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெற்றுள்ளன. ஆயினும் செடி இம்மருந்தை மிகக் கஞ்சத்தனமாகவே தருகின்றது. ஒரு கிராம் மருந்தைப் பெறப் பல நூறு கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். இதற்காகத் தமிழகத்தின் திருநெல்வேலி, இராமநாதபுரப் பகுதிகளில் வானம் பார்த்த நிலத்திலே நித்தியகல்யாணி பயிரிடப்பட்டு, இலையும் வேரும் பிறநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. வேறு பயிருக்கு நீரற்ற கரம்பையில் வேளாளனுக்கு அது வருவாய் தந்தது. 2022 ஆம் ஆண்டில், மருந்தின் மூலக்கூறுகளை மதுவத்தின் உயிர்க்கலங்களிலே உண்டாக்கும் வழியையும் அறிஞர் கண்டனர்.

மருந்தாற் பொருளீட்டிய நாடுகள் பல. தாயகமாகிய மடகாஸ்கருக்கோ, இலையைக் காய்ச்சிக் குடித்து வழிகாட்டிய எளிய மக்களுக்கோ அப்பொருளிற் பங்கு கிடைக்கவில்லை. ஒரு நாட்டின் செடியிலிருந்து பெறும் பயனில் அந்நாட்டுக்கும் நியாயமான பங்கு வேண்டும் என்ற கொள்கையை 1992 ஆம் ஆண்டின் உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை ஏற்றுக்கொண்டது. அவ்வாதங்களில் அடிக்கடி எடுத்துக் காட்டப்பட்ட உதாரணம், நம் படலையருகே நிற்கும் இந்தப் பூவேயாகும்.

இனி, ஊருக்குத் திரும்புவோம். 1990 ஆம் ஆண்டில் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் தம் வீடுவாசலை விட்டு அகன்றனர். பலாலி, காங்கேசன்துறைச் சூழல் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. தெல்லிப்பழையின் ஒரு பகுதியும் அதனுள் அகப்பட்டது. போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தபின் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. அப்படித் திரும்பக் கிடைத்த ஒரு வளவுக்கு, அதன் உரிமையாளரான முதியவருடன் நானும் சென்றிருந்தேன். கூரை இல்லை; கதவு நிலைகள் இல்லை; கிணறு பாதி தூர்ந்திருந்தது. அடுக்களைச் சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம் ஒன்று எழுந்திருந்தது. தம் தாயார் வைத்த மல்லிகைப் பந்தல் இருந்த இடத்தை அவராலே அடையாளங் காண இயலவில்லை. ஆனால் முன்வாசற் படியின் வெடிப்பிலே பட்டிப்பூ நின்றது. அவர் குனிந்து அதனைத் தொட்டுப் பார்த்தார். "இது மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது" என்றார். வேறொன்றும் பேசவில்லை. தன் விதையைத் தானே சிந்தித் தன் குலத்தைத் தானே வளர்க்கும் செடி அது. அவர் கையாற் தொட்டது பழைய செடியின் எத்தனையாவது தலைமுறையோ!

அதே தெல்லிப்பழையிலேதான் வடபகுதி மக்களுக்கான புற்றுநோய் வைத்தியசாலையும் அமைந்தது. 2011 ஆம் ஆண்டில், அதற்குப் பணந் திரட்டும் பொருட்டுத் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை மக்கள் இருபத்தேழு நாட்களில் நடந்து கடந்தனர். சிங்களவர், தமிழர், முசுலிம்கள் என்ற வேறுபாடின்றி ஆயிரக்கணக்கானோர் அந்நடையிற் கலந்தனர். அதன் பயனாக எழுந்த கட்டடம் 2013 ஆம் ஆண்டில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை வளாகத்திலே திறந்து வைக்கப்பட்டது. புற்றுநோய் வைத்தியத்தில் உலகெங்கும் நாளாந்தம் வழங்கும் ஊசிமருந்துகளுள் வின்கிறிஸ்ரினும் ஒன்று. மடகாஸ்கரிலிருந்து செடியாய் வந்து நம் வேலியோரத்தில் நின்றது. கனடாவிலும் அமெரிக்காவிலும் மருந்தாகிச் சிறு கண்ணாடிக் குப்பியில் அடைபட்டு வந்தபின்னரே நாம் அதன் பெருமையை உணர்ந்தோம். சுடுகாட்டுப் பூ என்று பெயர் பெற்றது, சுடுகாட்டுக்குச் செல்லும் வழியிற் பலரை மறித்துத் திருப்பி அனுப்பியது.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறாது விடுதல் தவறு. இச்செய்தியைக் கேட்டபின், வேலியிற் பறித்த இலையை அரைத்துக் குடித்தால் புற்றுநோய் தீரும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. செடியிலே நூற்றுக்கு மேற்பட்ட அல்கலோயிட்டுகள் உள்ளன. மருந்தாகும் பொருள் அணுவளவே. மற்றவை குருதியமுக்கத்தைக் குறைக்கலாம். நரம்பையும் குடலையும் தாக்கலாம். சுத்திகரித்த மருந்தைக்கூட, வைத்தியர் நோயாளியின் உடலளவுக்கேற்ப மில்லிகிராமிற் கணக்கிட்டு, நாளத்தின் வழியே மட்டும் ஏற்றுவர். றொபேட் நோபிளின் எலிகள் எதனால் மாண்டன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நோயுற்றவர் செல்ல வேண்டிய இடம் வைத்தியசாலை. பட்டிப்பூ நிற்க வேண்டிய இடம் பூந்தோட்டம்.

அத்தோட்டத்தில் அதை வளர்க்கும் முறை எளிது. இரண்டிரண்டாய்க் காய்க்கும் மெல்லிய காய்கள் மஞ்சளித்து வெடிக்குமுன் பறித்து, கறுத்த சிறு விதைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். பெருமழை ஓய்ந்த தை மாதம் விதைப்புக்கு உகந்தது. மாரியில் விதைப்பதாயின் மேட்டுநிலம் வேண்டும். விதை இருளில் நன்றாக முளைக்கும். ஆதலால் மேலே மெல்லிய மண் தூவ வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் முளை காணும். நாற்றை ஓரடி இடைவெளியில், நல்ல வெயில் விழும் இடத்தில் நட வேண்டும். வேர் பிடிக்கும் வரை மிதமாக நீர் வார்த்தாற் போதும். பின்னர்க் கடுங்கோடையில் இலை துவளும்போது மட்டும், பாத்திரங் கழுவிய நீரில் ஒரு செம்பு வார்த்தால் அது பிழைத்துக்கொள்ளும். பசளை மிகுந்தால் இலை பெருகும், பூக் குறையும். நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்துப் புதராகும்; ஆண்டுக்கொருமுறை மாரிக்கு முன் வெட்டிவிட்டால் பழைய செடியும் புதிதாய்த் தளிர்க்கும். வெள்ளையையும் சிவப்பையும் மாறிமாறி நட்டால் முற்றத்துக்கு அதனினும் மலிவான அலங்காரம் வேறில்லை. சிறுபிள்ளைகள் இலையை வாயில் வையாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேயர்களே! குடாநாட்டின் பள்ளித் தோட்டங்களிலே இச்செடிக்கு ஒரு பாத்தி ஒதுக்குவது நன்று. பாத்தியின் தலைப்பில் அதன் பெயரையும், அது வந்த நாட்டையும், அது தந்த மருந்தையும் எழுதி வைக்கலாம். நூற்றாண்டுக்கு மேலாக நம் வாசலில் நின்ற ஒன்றை நாம் பார்த்தோம், ஆனால் ஆராயவில்லை. இருபத்தைந்து இலைகளைப் பெற்ற ஒருவர் ஆராய்ந்தார். தாம் தேடியது கிடைக்காதபோதும் கிடைத்ததை ஆராய்ந்தார். நம் வேலியோரங்களில் இன்னும் எத்தனையோ செடிகள் பெயர்கூடக் கேட்பாரின்றி நிற்கின்றன. அவற்றை நோக்கி ஒரு பிள்ளை, "இது என்ன? இதனுள் என்ன இருக்கிறது?" என்று கேட்குமாயின், அந்தப் பாத்திக்கு வார்த்த ஒரு செம்பு நீர் வீண்போகவில்லை என்று மகிழலாம்.